ஆடியதும் எழுதியதும்: புதிய ஆடலைத் தமிழில் காணுதல்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சனிக்கிழமை மாலை. கிள்ளானிலிருந்து ஆறாம் படிவ மாணவர் ஐவரை அழைத்துக்கொண்டு கொமுட்டர் தொடர்வண்டியில் பிரிக்பீல்ட்ஸ் சென்றேன். எண்பது பேர் அமரத்தக்க சிறு கூடம் ஒன்றில் புதிய ஆடல் ஒன்று நிகழவிருந்தது. மாணவி ஒருத்தி தன் பாட்டியையும் உடன் அழைத்து வந்திருந்தாள். வீட்டில் அவரைத் தனியே விட்டுவர இயலாத நிலை. கூடத்தில் இருள். மேடையில் ஒரு வாளி மட்டும் இருந்தது. சாயம் போன நீண்ட கைச்சட்டை அணிந்த இளம்பெண் ஒருவர் வந்து நின்றார். காலில் சலங்கை இல்லை, பாட்டு இல்லை, நட்டுவாங்கமும் இல்லை. அவர் முழங்காலைச் சற்று மடித்தார். இடக்கை மார்பளவில் எதையோ தாங்கி நின்றது. வலக்கை இடப்புறம் மேலிருந்து வலப்புறம் கீழ் நோக்கிச் சாய்வாக இறங்கியது. உடல் பக்கவாட்டில் அரைவட்டமாய் நகர்ந்தது. பின் நிமிர்ந்தார், நான்கு அடி நடந்தார், மீண்டும் அதே அசைவு. ஒவ்வொரு முறையும் கை சிறிது தாழ்ந்தது, முதுகு சிறிது கூடுதலாக வளைந்தது. இருபது நிமிடம் இவ்வாறே சென்றது. ஒளி மெல்ல மெல்ல விடியற்காலை நிறத்துக்கு மாறியது. இறுதியில் அவர் வாளியைக் கவிழ்த்தார். அதில் ஒன்றும் இல்லை.

வெளியே வந்ததும் மாணவன் ஒருவன், "ஐயா, இதில் கதை என்ன?" எனக் கேட்டான். முப்பது ஆண்டுகளாக இலக்கியம் கற்பித்துவரும் எனக்கு விடை எழவில்லை. அப்போது அந்தப் பாட்டி இடைமறித்தார். "மரந்தானே வெட்டுது அந்தப் பொண்ணு, தெரியலியா? நல்லாத்தான் செஞ்சிச்சு. ஆனா அடிவெட்டுக்கு அப்படி நிக்கக் கூடாது. முட்டி இன்னும் மடங்கணும். இல்லாட்டி இடுப்பு போயிடும்." இருபது ஆண்டுக்கு மேல் பால்மரம் வெட்டியவர் அவர். அன்று அந்த ஆடலைப் பற்றிச் சொல்லப்பட்ட முதல் திறனாய்வு அதுவே. வீடு திரும்பி என் குறிப்பேட்டைத் திறந்து பார்த்தேன். இருட்டில் நான் கிறுக்கியிருந்தது இரண்டே சொற்கள்: "அருமை. உருக்கம்."

அந்த இரண்டு சொற்களின் வறுமையே இக்கட்டுரைக்குக் காரணம்.

சமகால ஆடல் என்றவுடன் நம்மவரிடம் எழும் முதல் எண்ணம், அது மேலைநாட்டுச் சரக்கு என்பது. இரண்டாவது எண்ணம், அதில் பொருள் இல்லை, ஆகையால் புரியாது என்பது. முதலாவதைப் பின்னர்ப் பார்ப்போம். இரண்டாவதைப் பொறுத்தவரை ஒரு கேள்வி. பரதநாட்டிய அரங்கேற்றத்தில் முதலில் ஆடப்படும் அலாரிப்பில் என்ன கதை இருக்கிறது? அதனை அடுத்து வரும் ஜதிஸ்வரத்தில் யார் தலைவன், யார் தலைவி? கழுத்தும் கண்ணும் தோளும் ஒன்றன்பின் ஒன்றாக விழித்தெழுவதைத்தான் அலாரிப்பு காட்டுகிறது. உடல் மலர்வதே அதன் பொருள். நம் பிள்ளைகளின் அரங்கேற்றத்தில் அதனைக் கண்டு "கதை என்ன?" என எவரும் கேட்பதில்லை. கதையற்ற ஆடலைத் தமிழர் நெடுங்காலமாகக் கண்டு மகிழ்ந்துவருகின்றனர். ஆகவே, சமகால ஆடலில் நம்மைத் தடுமாறச் செய்வது கதையின்மை அன்று. பழகிய குறிகளின் இன்மை. பட்டாடை, சலங்கை, வணக்கம், கடவுள் வாழ்த்து ஆகிய இவை இருந்தால் நாம் எங்கே இருக்கிறோம் என்பது தெரிந்துவிடுகிறது. இவை நீங்கியபின் எஞ்சுவது ஓர் உடல், ஓர் இடம், சிறிது நேரம். அவற்றைக் கொண்டே நாம் வழி கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

சென்னையிலும் இதே தடுமாற்றம் நேர்ந்ததுண்டு. காஞ்சிபுரம் எல்லப்பப் பிள்ளையிடம் பரதம் பயின்ற சந்திரலேகா, 1985-இல் 'அங்கிகா' என்னும் படைப்பை மேடையேற்றினார். களரிப்பயிற்றும் யோகமும் பரதமும் ஒரே முதுகெலும்பிலிருந்து கிளைத்தவை என்பதை உடலாலேயே வாதிட்ட படைப்பு அது. தெய்வக் கதைகளையும் நகைகளையும் அவர் விலக்கினார், அரைமண்டியை விலக்கவில்லை. அதன் கோணத்தையும் எடையையும் முன்னினும் கூர்மையாகக் காட்டினார். 2001-இல் அவர் படைத்த 'சரீரா'வில் அசைவு மிக மெதுவாக இருந்தது. விரைவைத் திறமையாகக் கருதிப் பழகிய கண்ணுக்கு அது பெருஞ்சோதனை. அவர் மரபை அழித்தார் எனச் சிலர் சினந்தனர். மரபின் எலும்பைக் கண்டார் எனச் சிலர் வியந்தனர். என் கருத்து இரண்டாமவரைச் சார்ந்தது.

இனி நம் மொழியிடம் வருவோம். ஆடலைப் பற்றி எழுதுதல் தமிழுக்குப் புதிதா? சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையைப் பாடமாக நடத்தும் ஆசிரியர் பலர், மாதவியின் அழகையும் கோவலனின் மயக்கத்தையும் விளக்கிவிட்டு அடுத்த காதைக்குச் சென்றுவிடுகின்றனர். தேர்வுக்கு அது போதும். ஆனால் அந்தக் காதையை ஓர் ஆடல் ஆவணமாகப் படித்துப் பாருங்கள். ஐந்தாம் வயதில் தொடங்கிய பயிற்சி, ஏழாண்டு, பன்னிரண்டாம் வயதில் சோழன் அவையில் அரங்கேற்றம். ஆடலாசான், இசையாசிரியன், கவிஞன், தண்ணுமை முழக்குவோன், குழலோன், யாழாசிரியன் என ஒவ்வொருவருக்கும் என்னென்ன தகுதி வேண்டும் என்பது வரிசையாகக் கூறப்படுகிறது. அரங்கின் அளவு வருகிறது: ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம், கோல் என்பது இருபத்து நான்கு பெருவிரல் அளவு. வாயில்கள் இரண்டு, திரைகள் மூன்று வகை. தூணின் நிழல் ஆடுவோர் மீது விழாதவாறு விளக்கு நிறுத்தப்பட்டதும் சொல்லப்படுகிறது. இறுதியில் ஆயிரத்தெட்டுக் கழஞ்சுப் பொன்னும் தலைக்கோல் பட்டமும்.

தூணின் நிழலைக் கவனித்த கண் அது! இன்றைய நாளேட்டுச் செய்தியாளர் எவரேனும் விளக்கின் நிழல் எங்கே விழுந்தது என எழுதியதுண்டா? தலைமை தாங்கியவர் யார், பொன்னாடை போர்த்தியவர் யார், நன்றியுரை நவின்றவர் யார் என்பவை தவறாமல் அச்சேறுகின்றன. ஆடியவர் என்ன ஆடினார் என்பது மட்டும் 'பார்வையாளரை மெய்ம்மறக்கச் செய்தது' என்ற ஒரு வரியில் முடிந்துவிடுகிறது. நானே பள்ளி மலர்களில் அவ்வாறு எழுதியிருக்கிறேன் என்பதை மறைக்க வேண்டியதில்லை.

தொல்காப்பியத்தின் பொருளதிகாரத்தில் மெய்ப்பாட்டியல் என ஓர் இயல் உண்டு. உணர்ச்சிக்குத் தொல்காப்பியர் தேர்ந்த சொல்லைக் கவனியுங்கள்: மெய்ப்பாடு. உள்ளத்தில் தோன்றியது மெய்யில், அதாவது உடலில், புலப்படுதல். நகை, அழுகை முதலாக எட்டினைக் கூறி, ஒவ்வொன்றும் எந்த நான்கு நிலைக்களனில் பிறக்கும் என்பதையும் அவர் வகுக்கிறார். அழுகைக்கு உரிய நான்கனுள் ஒன்று அசைவு, இன்னொன்று வறுமை. இங்கு அசைவு என்பது முன்னைய நன்னிலை கெட்டுத் தளர்தல். பிரிக்பீல்ட்ஸ் கூடத்தில் நான் கண்ட ஆடலுக்கு 'உருக்கம்' என எழுதியதற்கு மாறாக 'அசைவு' என எழுதியிருப்பேனாயின், ஒரே சொல்லில் உடலின் நகர்வும் தளர்ச்சியும் பிடிபட்டிருக்கும். சொல் என் பாடநூலிலேயே இருந்தது. அதனைத் தேர்வுத்தாளுக்கு அப்பால் கொண்டுசெல்ல நான் பழகவில்லை.

நம்மிடம் இருந்து தொலைந்தவையும் உண்டு. சிலப்பதிகாரத்துக்கு உரை கண்ட அடியார்க்கு நல்லார், தாம் பயன்கொண்ட இசை, நாடக நூல்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறார்: இசைநுணுக்கம், இந்திரகாளியம், பஞ்சமரபு, பரதசேனாபதீயம், மதிவாணர் நாடகத் தமிழ்நூல். இவற்றுள் பஞ்சமரபு பிற்காலத்தில் கிடைத்து அச்சேறியது. மற்றவை பற்றி உரையாசிரியர் காட்டும் மேற்கோள்களே நமக்கு ஆதாரம். 1892-இல் உ. வே. சாமிநாதையர் சிலப்பதிகாரத்தை அவ்வுரையுடன் பதிப்பிக்காமல் இருந்திருந்தால் அந்தப் பெயர்களைக்கூட நாம் அறிந்திருக்க மாட்டோம். ஆடல் ஆடிய அன்றே மறைகிறது. அதனைப் பற்றிய நூலும் மறைகிறது. எவரோ ஒருவர் ஓரத்தில் எழுதிவைத்த குறிப்பு மட்டும் எஞ்சுகிறது. ஒளிப்பதிவு இருக்கும் இக்காலத்தில் இந்தக் கவலை எதற்கு என மாணவர் கேட்பர். கைப்பேசியில் எடுத்த காட்சியில் பாட்டி சொன்ன முழங்கால் மடிப்பு தெரியும். அது குறை என்பது தெரியாது. அதைச் சொல்ல ஒருவர் வேண்டும்.

இந்நிலையில், கிள்ளான் பள்ளத்தாக்கில் கடந்த நாற்பது ஆண்டுகளில் நிகழ்ந்தவற்றைச் சிறிது நினைவுகூர்வோம். முழு வரலாறு எழுதுவது என் நோக்கமன்று. தமிழ் மாணவர் காலாறச் சென்று காணக்கூடிய தொலைவில் எவ்வளவு நிகழ்ந்தது என்பதைக் காட்டினால் போதும்.

பிரிக்பீல்ட்ஸில் ஜாலான் பெர்ஹாலா என்றொரு சாலை உண்டு. பெர்ஹாலா என்னும் மலாய்ச் சொல்லுக்குத் தெய்வச் சிலை என்பது பொருள். அப்பகுதியின் வழிபாட்டிடங்களைக் கண்டால் பெயரின் பொருத்தம் விளங்கும். நுண்கலைக் கோயில் எனப் பொருள்படும் 'டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ்' அச்சாலையில் இயங்குகிறது. சுவாமி சாந்தானந்த சரசுவதி 1981-இல் தொடங்கிய அமைப்பு அது. பலரும் அதனைப் பிள்ளைகளுக்கு நடனம் கற்பிக்கும் இடமாகவும், உண்டபின் விரும்பிய தொகையைச் செலுத்தும் அன்னலட்சுமி உணவகத்தின் இல்லமாகவும் மட்டுமே அறிவர். உருசிய இசைமேதை சைக்கோவ்ஸ்கியின் 'அன்ன ஏரி' பாலே இசைக்கு இந்திய ஆடல் வகைகளால் உடல் கொடுத்த துணிவும் அவ்வமைப்புக்கு உண்டு. நுனிக்கால் ஆடலுக்கென எழுதப்பட்ட இசைக்குத் தட்டடவு பொருந்துமா? பாலே உடலை மண்ணிலிருந்து மேலே இழுக்கிறது. நம் ஆடல் உடலை மண்ணுக்குள் ஊன்றுகிறது. இந்த முரணை ஒரு மாணவர் இரு பக்கத்தில் எழுதினால் அது சிறந்த கட்டுரை ஆகும்.

தித்திவங்சாவில் 'சூத்ரா' இருக்கிறது. 1983-இல் இராம்லி இப்ராஹிம் நிறுவியது. காஜாங்கில் பிறந்தவர், ஆஸ்திரேலியாவில் பொறியியல் படிக்கச் சென்று, சிட்னி நடனக் குழுவில் ஆடியவர், அடையாறு கே. இலட்சுமணிடம் பரதமும் தேவபிரசாத் தாசிடம் ஒடிசியும் கற்றவர். 2018-இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. "மலாய்க்காரர் ஒருவர் ஏன் ஐயா நம் ஆடலை ஆட வேண்டும்?" என ஒரு மாணவி கேட்டாள். 'நம்' என்னும் சொல்லை அவள் அழுத்திச் சொன்னாள். ஒடிசி ஒடிசாவைச் சேர்ந்தது. தமிழருக்கும் அது கற்றுக்கொண்டால் வருவதுதான் எனக் கூறினேன். அவள் நிறைவடைந்ததாகத் தெரியவில்லை. மறுமுறை அவரது குழுவின் நிகழ்ச்சியைக் கண்டு திரும்புகையில், மேடையில் ஆடியவருள் தமிழ்ப் பெயர் கொண்டோர் பலர் எனத் தானே எண்ணிச் சொன்னாள். விடையைக் கண்கள் கண்டுகொண்டன.

சூத்ராவைப் பற்றிக் கூறும்போது, நம்மவர் அதிகம் பேசாத ஒருவரைக் குறிப்பிட வேண்டும். ஓவியர் சிவராஜா நடராஜன். அவர் திரைச்சீலையில் தீட்டுபவர். அதே கண்ணால் சூத்ராவின் மேடைகளுக்கு ஒளியமைப்பவர். அந்த இல்லத்தில் திறந்தவெளி அரங்கும் ஓவியக் கூடமும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. ஆடலும் ஓவியமும் வெவ்வேறு துறை என்னும் பள்ளிக்கூடப் பிரிவினை அங்கு தானாகவே கரைந்துபோகிறது. ஆடும் உடல் எங்கே முடிகிறது, அதன்மீது விழும் ஒளி எங்கே தொடங்குகிறது எனப் பிரித்துக் கூற இயலாத தருணங்களை அவரது ஒளியமைப்பில் கண்டிருக்கிறேன். தூணின் நிழலை விலக்கிய புகார் நகரத்து விளக்கேற்றுவோனின் பெயரை இளங்கோவடிகள் நமக்குச் சொல்லவில்லை. இன்றைய விளக்கேற்றுவோரின் பெயரையாவது நாம் எழுதிவைக்கலாம்.

ஓராண்டு கழித்து, 1984-இல், 'ஃபைவ் ஆர்ட்ஸ் சென்டர்' தோன்றியது. நாடகம், ஆடல், இசை, காண்கலை, இளையோர் அரங்கு எனக் கலைகளை ஒன்றாக வைத்துச் சிந்தித்த குழு. அதனைத் தொடங்கியவருள் நாடக இயக்குநர் கிருஷன் ஜித்தும் ஆடற்கலைஞர் மேரியன் டி குருஸும் இருந்தனர், ஓவியர் ரெட்சா பியதாசா இருந்தார், எழுத்தாளர் கே. எஸ். மணியமும் இருந்தார். கெடா மாநிலத்துப் பீடோங்கில் பிறந்த தமிழரான மணியம் ஆங்கிலத்தில் எழுதியவர். அக்காரணத்தாலேயே நம் இலக்கிய வரலாற்று நூல்கள் அவரை வாசலில் நிறுத்திவிடுகின்றன. அவரது 'ஸ்கின் டிரிலஜி' 1995-இல் தேசியக் கலைக்கூடத்தில் நிகழ்த்தப்பட்டது. கலைக்கூடம் அக்காலத்தில், பழைய தொடர்வண்டி நிலையத்துக்கு எதிரே மெஜஸ்டிக் விடுதியாக இருந்த கட்டடத்தில் இயங்கியது. நாடகத்தை நாடக அரங்கில் நடத்தாமல் ஓவியங்கள் தொங்கும் கட்டடத்தில் நடத்தியதே ஒரு கருத்து: பார்வையாளர் அமர்ந்து காண்பவரா, நடந்து காண்பவரா? நாடகத்தில் நேரத்தை இயக்குநர் தீர்மானிக்கிறார். ஓவியக் கூடத்தில் பார்ப்பவர் தீர்மானிக்கிறார். இரண்டையும் ஒரே இடத்தில் வைக்கும்போது பார்ப்பவரின் கால்களும் கலையின் ஒரு பகுதியாகிவிடுகின்றன.

மேரியன் டி குருஸ் நடனப் பயிற்சி பெறாதோரையும் மேடையேற்றியவர். அன்றாட உடலே போதும் என்பது அவர் நிலை. பாட்டியின் திருத்தத்தைக் கேட்டபின் அந்த நிலையின் நியாயம் எனக்கு நன்கு விளங்கிற்று.

இவ்விடத்தில் கலைச்சொற்களைப் பற்றிச் சிறிது. மொழிக்குழுவின் உரைவரிசையில் இதனைத் தவிர்ப்பது முறையன்று. ஆடல், நாடகம், இசை ஆகியவற்றைக் கூட்டாக 'நிகழ்த்துகலை' என்கிறோம். ஓவியரோ சிற்பியோ தம் உடலையே கருவியாக்கி ஒருமுறை செய்துகாட்டும் செயலையும் சிலர் நிகழ்த்துகலை என்றே எழுதுகின்றனர். இரண்டும் ஒன்றல்ல. முன்னதில் பயிற்சியும் ஒத்திகையும் மறுநிகழ்வும் உண்டு. பின்னதில் பெரும்பாலும் மறுநிகழ்வு இல்லை. பின்னதற்கு 'செயற்கலை' என வைத்துப் பார்க்கிறேன். இதைவிட நல்ல சொல்லை மாணவர் கூறினால் மகிழ்ச்சியுடன் ஏற்பேன். ஓர் அறை முழுவதையும் பொருள்களால் அமைத்துப் பார்ப்பவரை உள்ளே நடக்கவிடும் கலைக்கு 'நிறுவற்கலை' நன்கு பொருந்திவிட்டது. 'காட்சிக்கலை', 'காண்கலை' இரண்டும் வழக்கில் உள்ளன. எனக்குக் காண்கலை உகந்தது, அச்சொல்லில் பார்ப்பவரின் வினை இருப்பதால். சொல் எதுவாயினும் ஒரே கட்டுரையில் இரண்டையும் கலந்து எழுதாதிருந்தால் போதும்.

காண்கலைக்கு ஓர் எடுத்துக்காட்டு. பினாங்கில் பிறந்த வோங் ஹோய் சியோங் 1990களின் நடுவில் பெரிய அளவில் வரைந்த கரித்துண்டு ஓவிய வரிசை ஒன்று, குடியேறியோரையும் ரப்பர் மரங்களையும் இணைத்துப் பேசியது. அதனைக் கண்டு எழுதும் மாணவர் "தோட்டத் தொழிலாளரின் துயரத்தைக் காட்டுகிறது" எனத் தொடங்குவர். தவறில்லை. ஆயினும் நான் முதலில் கேட்பது, "எதனால் வரையப்பட்டிருக்கிறது?" என்பதே. கரித்துண்டு என்பது எரிந்த மரம். மரத்தை எரித்த கரியால் மரம் வரையப்பட்டிருக்கிறது. ரப்பர் மரமும் இந்நாட்டுக்கு வந்தேறியதுதான். பிரேசிலிலிருந்து 1876-இல் இலண்டன் கியூ தோட்டத்துக்குச் சென்ற விதைகளின் வழித்தோன்றல் 1877-இல் இப்பகுதிக்கு வந்தது. மரத்தை நட்டவரும் வெட்டியவரும் அதன் பின் கப்பலேறி வந்தனர். இவ்வளவும் ஓவியத்தின் கருமையைக் கூர்ந்து பார்த்ததிலிருந்து கிளைக்கிறது. துயரம் என்னும் சொல்லை எழுதாமலேயே மாணவர் அதனை அடைந்துவிடுகின்றனர்.

இராமநாதபுரத்து அழகன்குளத்தில் பிறந்து, சிறுவயதில் பினாங்கு வந்து, பின் சென்னை அரசு கலைக்கல்லூரியில் பயின்ற ஓவியர் சையது தாஜுதீனையும் இங்கு நினைக்கிறேன். இராமாயணக் காட்சிகளைத் தீட்டிய முசுலிம் தமிழர். நீண்டு வளையும் பெண்ணுருவங்களின் கோடு அவரது அடையாளம். சோழமண்டல ஓவியர் கிராமம் 1966-இல் உருவாகி, சென்னையில் கோட்டினைப் பற்றிய தேடல் வலுப்பெற்றிருந்த காலத்தில் அங்கு கற்றவர் அவர். அவரது கோட்டை விரலால் காற்றில் வரைந்து பாருங்கள். கை தானாக ஆடல் முத்திரையின் வளைவுக்குச் செல்லும்.

மாணவர்க்கு இதனை எவ்வாறு கற்பிப்பது? நான் செய்து பார்த்த ஒரு பயிற்சியை மட்டும் கூறுகிறேன். ஐந்து நிமிடம் ஓர் உடலைப் பார்க்க வேண்டும். பின் பத்து நிமிடம் எழுத வேண்டும். அருமை, அற்புதம், அழகு, உருக்கம், பிரமாதம் ஆகிய சொற்களுக்குத் தடை. உவமைக்கும் தடை, மயில், அன்னம், மின்னல் மூன்றும் ஓய்வெடுக்கட்டும். வினைச்சொற்கள் மட்டும் வேண்டும். தொடக்கத்தில் மாணவர் திணறுவர். 'ஆடினாள், நடந்தாள், நின்றாள்' என்பதோடு சொற்கிடங்கு காலியாகிவிடும். பின் ஒன்றொன்றாக வரும்: குனிந்தாள், ஒடுங்கினாள், துவண்டாள், நெளிந்தாள், உந்தினாள், ஊன்றினாள், சாய்ந்தாள், சரிந்தாள். சாய்தலுக்கும் சரிதலுக்கும் என்ன வேறுபாடு எனக் கேட்டால் வகுப்பே எழுந்து நின்று சாய்ந்தும் சரிந்தும் பார்க்கும். சாய்பவர் தம் எடையை இன்னும் கையில் வைத்திருக்கிறார், சரிபவர் விட்டுவிட்டார். சமகால ஆடலில் பாதி இந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது. அதற்கு நம் மொழியில் இரண்டு சொல் உண்டு என்பதை அவர்கள் உடலால் அறிந்த நாள் அது.

பயிற்சிக்கு அரங்கு தேவையில்லை. கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் பூக்கட்டுவோரின் விரல்களை எழுதிவரச் சொன்னேன். நூலைப் பல்லால் பற்றுவது, இரண்டு பூவுக்கு ஒருமுறை சுண்டுவிரல் விறைப்பது என எவரும் சொல்லித்தராதவை ஏட்டில் வந்தன. உருமி மேளக் குழுவில் வாசிக்கும் தன் அண்ணனைப் பற்றி ஒருவன் எழுதினான். வளைந்த குச்சி தோலை உரசும்போது அண்ணனின் தோள் அசைவதில்லை, மணிக்கட்டு மட்டும் அசைகிறது, ஆனால் கூட்டம் ஆடும்போது தோளும் அசைகிறது என்பது அவன் கண்டது. உருமி மேளத்தைக் கலை எனப் பெரியவர் பலர் ஏற்பதில்லை. அதனைக் குண்டர் கும்பலோடு சேர்த்துப் பேசும் வழக்கத்தால் அந்த மாணவன் முதலில் கட்டுரையைக் கொடுக்கவே தயங்கினான். வாசித்த பிறகு வகுப்பில் சிறிது நேரம் எவரும் பேசவில்லை.

சமகால ஆடல் மேலைநாட்டுச் சரக்கு என்னும் குற்றச்சாட்டுக்கு வருவதாகச் சொல்லியிருந்தேன். மலேசியாவில் பிறந்து, அடையாறு இலட்சுமணிடம் பரதமும் உடன் பாலேயும் பயின்று, இலண்டனில் அக்ரம் கானின் குழுவோடு பணியாற்றிய மாவின் கூவைப் போன்றோரின் உடலில் எது கிழக்கு, எது மேற்கு எனக் கோடு கிழிப்பது எளிதன்று. அதைவிட எனக்கு நெருக்கமான விடை அந்தப் பாட்டியிடமே இருக்கிறது. ஆடியவரின் முழங்கால் மடிப்பு அரைமண்டியிலிருந்து வந்ததா, பால்மரக்காட்டிலிருந்து வந்ததா? நட்டுவனார் அரைமண்டியைத் திருத்துவதுபோலவே பாட்டியும் திருத்தினார். பட்டையைக் காகிதம்போல் மெல்லியதாகச் சீவ வேண்டும். உளி ஆழ்ந்தால் மரம் காயப்படும். காலைக் குளிர் விலகுமுன் நூற்றுக்கணக்கான மரங்களை முடிக்க வேண்டும். பிரட்டுக்கு எழுந்து இருட்டில் நடந்து, மங்குதோறும் கவிழ்த்துப் பால் எடுத்த அந்த உடல், ஆண்டுக்கணக்கில் ஒத்திகை பார்த்த உடல். பார்வையாளர்தாம் இல்லை.

அந்தக் காடுகளும் இன்று இல்லை. ஷா ஆலாம் நகரம் எழுந்த இடம் சுங்கை ரெங்கம் தோட்டம். சுபாங் ஜெயா எழுந்த இடம் சீஃபீல்டு தோட்டம். அங்கிருந்து பெயர்ந்த குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் அடுக்குமாடி வீடுகளில் வளர்கின்றனர். மரம் வெட்டும் அசைவை அவர்கள் கண்டதில்லை. அன்று என் மாணவர் ஐவருள் ஒருவருக்கும் அது அடையாளம் தெரியாமல் போனதற்கு ஆடல் புரியாமை காரணமன்று.

நிகழ்ச்சி முடிந்தபின் பாட்டியை ஆடியவரிடம் அழைத்துச் சென்றோம். கூடத்தின் பின்புறம், குளிர்நீர்ப் பெட்டிகள் அடுக்கிய நடைபாதையில், பாட்டி ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு அடிவெட்டுக்கு நிற்கும் முறையைக் காட்டினார். எழுபது வயதுக்கு மேற்பட்டவர். பாதிதான் இறங்க முடிந்தது. ஆடியவர் அருகில் நின்று அதே அளவு இறங்கினார். "இன்னும் கொஞ்சம்," என்றார் பாட்டி.

நான் அறிந்தவரை அந்த ஆடல் மறுபடி மேடையேறவில்லை. அதனை எவரும் ஒளிப்பதிவு செய்யவும் இல்லை. பேத்தியின் பயிற்சி ஏட்டில் ஒன்றரைப் பக்கம் இருக்கிறது. வாளி மேடையில் எங்கே இருந்தது, விடியல் ஒளி எப்பக்கத்திலிருந்து வந்தது, கை எத்தனை முறை இறங்கியது என எழுதியிருக்கிறாள். ஓரத்தில், வேறு மையில், பாட்டியின் திருத்தம்: முட்டி இன்னும் மடங்க வேண்டும்.